அந்த 15 மீட்டர்

இணையத்தில் ஒரு படம் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குடிக்கக் குனிந்த டைரனோசாரஸ் ரெக்ஸின் கழுத்தைக் கவ்வி, ஒரு ராட்சத முதலை அதை ஆற்றுக்குள் இழுக்கிறது. மேலே கொட்டை எழுத்தில்: டெய்னோசூக்கஸ், 15 மீட்டர். முதலைகள் மேல் எனக்கு இருக்கும் கிறுக்கு ஊரறிந்தது என்பதால் ஆளாளுக்கு இதை எனக்கு அனுப்பிவைப்பார்கள். நானும் சளைக்காமல் பதில் எழுதுவேன். டெய்னோசூக்கஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 8.2 கோடி ஆண்டுகளிலிருந்து 7.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. ரெக்ஸ் தலைகாட்டுவதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இதைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ரெக்ஸ் இல்லையென்றால் அதன் பெரியப்பா வகையறாவில் ஏதாவது ஒன்று அகப்பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் நியாயம்தான். வருத்தம் வருவது அடுத்த வரியில். அந்த 15 மீட்டர் பழைய கணக்கு, எட்டிலிருந்து பத்து என்று வைத்துக்கொள்ளலாம், மிகப் பெரியவை 12ஐத் தொட்டிருக்கலாம் என்று எழுதினால், கொஞ்ச நேரம் கழித்து ஒரு பதில் வரும்: "ஓ, அவ்வளவுதானா."

அந்த 'அவ்வளவுதானா' என்னை நிறையவே உறுத்தியிருக்கிறது. இன்றைய முதலைகளில், உயிரோடு பிடித்து முறையாக நாடா வைத்து அளந்தவற்றில் மிகப் பெரியது பிலிப்பைன்ஸில் 2011இல் பிடிபட்ட லோலோங் என்ற உவர்நீர் முதலை. 6.17 மீட்டர், 1,075 கிலோ. அதைக் கரைக்கு இழுத்துவர நூறு பேர் அளவுக்குத் தேவைப்பட்டார்கள். அதைவிட ஒன்றரை மடங்கு நீளமான ஒரு விலங்கைப் பற்றி 'அவ்வளவுதானா' என்று எப்படிச் சொல்லத் தோன்றுகிறது? 15 என்ற எண்ணை முதலில் கேட்டுவிட்டதால்தான். முதலில் பத்து என்று கேட்டிருந்தால் வாயைப் பிளந்திருப்பார்கள்.

என் அக்கா மகன் சின்னப் பையனாக இருந்தபோது அவனிடம் இரண்டு டைனோசர் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் 15, இன்னொன்றில் பத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, ஒரே முதலை எப்படி ரெண்டு நீளத்துல இருக்கும்?" ஒண்ணு பழைய புஸ்தகம்டா என்றேன். "அப்ப முதலை சின்னதாயிடுச்சா?" என்றான். சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்விதான். ஆனால் யோசிக்க யோசிக்க, இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான் என்று படுகிறது. பாறைக்குள் இருந்தபடி அந்த முதலை ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பிறகு அந்த ஐந்து மீட்டர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

சாந்து மண்டையோடு

கதையைத் தொடங்கிவைத்தவை இரண்டே இரண்டு பற்கள். வட கரோலினாவில் கிடைத்த அந்தத் தடித்த பற்களை 1858இல் எபனேசர் எம்மன்ஸ் விவரித்து எழுதினார். வேறொரு ஊர்வனவின் கணக்கில் சேர்த்தும்விட்டார். பிறகு 1903. மொன்டானாவில் ஜான் பெல் ஹாட்சரும் டி. டபிள்யூ. ஸ்டான்டனும் தரையிலேயே கிடந்த தடித்த எலும்புத் தகடுகளைக் கண்டார்கள். முதலில் அவை ஒரு கவச டைனோசருடையவை என்றுதான் நினைத்தார்கள். தோண்டத் தோண்ட முதுகெலும்புகளும் விலா எலும்புகளும் வந்தன. அது டைனோசர் இல்லை, முதலை என்று தெளிவானதும் ஹாட்சருக்கு அதில் ஆர்வமே போய்விட்டதாம். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். கார்னகி அருங்காட்சியகத்தில் அவருடைய சகாவாக இருந்த டபிள்யூ. ஜே. ஹாலண்ட் 1909இல் அந்த எலும்புகளை விவரித்து, விலங்குக்கு டெய்னோசூக்கஸ் ஹாட்சரி என்று பெயர் வைத்தார். 'முதலையா, சரி போ' என்று கைவிட்டவரின் பெயரையே அந்த முதலை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. தொல்லுயிரியலில் இப்படிப்பட்ட குறும்புகளுக்குப் பஞ்சமில்லை.

15 மீட்டர் பிறந்தது அங்கே இல்லை. 1940இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக பார்னம் பிரவுனும் ரோலண்ட் டி. பேர்டும் டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில் தேடினார்கள். பிரவுன் சாதாரண ஆள் இல்லை. ரெக்ஸைத் தோண்டியெடுத்தவரே அவர்தான். அங்கே கிடைத்தவை ஒரு பிரம்மாண்டமான முதலையின் மண்டையோட்டுத் துண்டுகளும் தாடைத் துண்டுகளும். துண்டுகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூக்கு நுனிப்பக்கம் கொஞ்சம், தாடையில் கொஞ்சம். நடுவில் பெரும்பகுதி இல்லை. இல்லாததையெல்லாம் சாந்தால் நிரப்பி ஒரு முழு மண்டையோடு செய்தார்கள். நிரப்புவதற்கு ஒரு மாதிரி வேண்டுமே? கியூபா முதலையின் மண்டையோட்டை எடுத்துக்கொண்டார்கள். உருவான மண்டையோட்டின் நீளம், கீழ்த்தாடையோடு சேர்த்து அளந்தால், ஏறக்குறைய 1.8 மீட்டர், ஒரு ஆள் உயரம். அதை வைத்து 1954இல் எட்வின் கோல்பெர்ட்டும் பேர்டும் எழுதிய கட்டுரையில் உடலின் நீளம் சுமார் 15 மீட்டர் என்று வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. கோல்பெர்ட்டும் பேர்டும் தங்கள் மண்டையோட்டை அடக்கமான மறுவுருவாக்கம் என்றே கருதினார்கள். நீண்ட தலை கொண்ட உவர்நீர் முதலையை மாதிரியாக எடுத்திருந்தால் இன்னும் நீளமாக வந்திருக்கும். நாங்கள் பேராசைப்படவில்லை என்பது அவர்கள் வாதம். அவர்கள் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் நினைக்கவில்லை. டெய்னோசூக்கஸின் மூக்கு அகலமானது, அதன் முக அமைப்பே வேறு என்பது அன்று தெரியாது. கையில் இருந்த துண்டை வேறொரு விலங்கின் அச்சில் பொருத்தியதும், அகலமும் நீளமும் சேர்ந்தே ஊதிவிட்டன. கிடைத்த எலும்பு ஒரு பங்கு என்றால் சாந்து பல பங்கு. ஆனால் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் கண்ணுக்குத் தெரிவது வாயைத் திறந்து நிற்கும் ஒரே மண்டையோடு. டெய்னோசூக்கஸ் என்றாலே நினைவுக்கு வரும் உருவமாக அது நிலைத்துவிட்டது. அந்தத் தலைக்குத்தான் அந்த 15 மீட்டர் உடம்பு. புத்தகங்களும் படங்களும் அங்கிருந்து எடுத்துக்கொண்டவைதான்.

செருப்பைப் பார்த்து உயரம் சொல்வது

பழங்கால முதலையின் முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. ராட்சத முதலையென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே நீளம் என்பது எப்போதும் கணக்குப் போட்டு வருவது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உள்ளே இருப்பவர் உயரத்தைச் சொல்வது மாதிரியான வேலை. ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் செருப்பில் பாதியை நாய் தின்றுவிட்டு, மீதிப் பாதியை நாமே வரைந்துகொண்டு சொல்கிறோம் என்றால்?

உவர்நீர் முதலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம், தலை ஒரு பங்கு என்றால் மொத்த நீளம் ஏழு பங்கு. ஆனால் லோலோங்கின் தலை வெறும் 70 செ.மீ.; அதன் உடல் நீளம் தலையைப்போல் 8.8 மடங்கு. ஒரே இனத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். இதை அந்தச் சாந்து மண்டையோட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 மீட்டரை ஏழால் பெருக்கினால் 12.6 மீட்டர், 8.8ஆல் பெருக்கினால் 15.8 மீட்டர். மண்டையோடு அதேதான், பெருக்கும் எண்ணை மாற்றியதிலேயே மூன்று மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. இப்போது மண்டையோடே அவ்வளவு நீளமில்லை, 1.3 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் வந்து நிற்கும். எடை இன்னும் மோசம். அதே உடல்வாகோடு நீளம் ஒன்றரை மடங்கானால் எடை ஒன்றரை மடங்கோடு நிற்காது. மூன்று மடங்கைத் தாண்டிவிடும். நீளத்தில் ஒரு சின்னத் தாராளம் எடையில் பல டன்னாகப் போய் முடியும்.

டெய்னோசூக்கஸ் மட்டும் இப்படிச் 'சுருங்கிய' முதலை இல்லை. நம் பக்கத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த ராம்ஃபோசூக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூ ஃபால்கனரும், கங்கைக் கால்வாயைக் கட்டிய பொறியாளரான பிராபி காட்லியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சிவாலிக்கில் அள்ளிக் குவித்த புதைபடிவங்களில் அதுவும் ஒன்று. ராம்ஃபோசூக்கஸ் என்ற பேரினப் பெயரைப் பிறகு வைத்தவர் ரிச்சர்ட் லிடெக்கர். ஒல்லி மூக்கு முதலையான இன்றைய கரியாலுக்கு உறவு என்று கருதப்படும் விலங்கு. வெகுகாலம் அதற்கு 15 முதல் 18 மீட்டர் வரை நீளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய முதலை என்ற பட்டம் அதன் தலையில்தான் இருந்தது. 2001இல் ஜேசன் ஹெட், அதைவிட முழுமையான எச்சத்தை வைத்துக் கணக்கிட்டபோது 8 முதல் 11 மீட்டர் என்று ஆகிவிட்டது. அதே 2001இல்தான் பால் செரினோவின் குழு, நைஜரின் சகாராப் பாலைவனத்தில் கிடைத்த சார்கோசூக்கஸுக்கு 11 முதல் 12 மீட்டர் நீளமும் எட்டு டன் எடையும் சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. 2019இல், தலையின் நீளத்துக்குப் பதில் அகலத்தை அடிப்படையாக வைத்து இன்னொரு குழு கணக்கிட்டது. அதிலே அதுவும் ஒன்பது மீட்டர் பக்கத்துக்கு இறங்கிவிட்டது.

கவனித்தால், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன: ஒன்பது, பத்து, பதினொன்று. வெவ்வேறு காலம், வெவ்வேறு கண்டம், வெவ்வேறு வம்சம். சார்கோசூக்கஸ் இன்றைய முதலைகளுக்குத் தூரத்து உறவுதான், டெய்னோசூக்கஸ் போல நெருக்கமானதல்ல. ஆனாலும் அவை பெரிதாகி முட்டி நின்ற கூரை அநேகமாக ஒன்றே. எனக்கு இதுதான் 15 மீட்டரைவிடப் பெரிய செய்தி. கூரை ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கத் தோன்ற வேண்டாமா? நமக்குத் தோன்றுவதெல்லாம், எதற்கு முதல் பரிசு என்பதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருத்தப்பட்ட எண் ஆய்விதழில் வரும். பழைய எண் படத்தில் இருக்கும். படம்தான் பயணம் செய்யும். 8 முதல் 10 மீட்டர் என்று இழுத்து எழுதிய வரியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. பகிரும் விரல் பெரிய எண்ணையே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் எவ்வளவு திருத்தினாலும் பொதுப் புத்தியில் இருக்கும் முதலை, இதுவரை சொல்லப்பட்டதிலேயே அதிகமான நீளத்தில்தான் என்றும் இருக்கும். இதில் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரியும். கோபம் வருகிறது, என்ன செய்ய.

எலும்புக்குள் இருந்த ஆண்டுகள்

இந்தச் சிக்கலிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு சின்னக் கட்டுரை. கிரெகரி எரிக்சனும் கிறிஸ்டோஃபர் புரோஷுவும் 1999இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. நான் அதைப் படிக்கப்போனது என்னவோ நீளத்துக்குத்தான்: 8 முதல் 10 மீட்டர் என்ற எண்ணுக்கு ஆதாரம் தேடிப் போனேன், அடுத்த தடவை யாராவது '15' என்றால் எடுத்துப்போட. எண் இருந்தது. ஆனால் கட்டுரை கேட்ட கேள்வி வேறு. டெய்னோசூக்கஸ் எவ்வளவு பெரியது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அவ்வளவு பெரிதாக அதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்று கேட்டிருந்தார்கள்.

முதலையின் முதுகில் மேடுமேடாகத் தெரிகிறதே, அது வெறும் தோல் இல்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில், தோலுக்குள்ளேயே உருவான ஓர் எலும்புத் தகடு உண்டு. டெய்னோசூக்கஸின் தகடுகள் தனி ரகம். அபாரத் தடிமன், அரைக்கோளமாக உப்பிய மேற்புறம், தகடெல்லாம் ஆழமான குழிகள். கவச டைனோசர் என்று ஹாட்சரை நினைக்கவைத்தவை இவைதான். முதலை குளிர்இரத்தப் பிராணி என்பதால் ஆண்டு முழுக்க ஒரே சீராக வளராது. நல்ல பருவத்தில் வளரும். குளிரோ வறட்சியோ வந்தால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். நின்றுபோன அந்தக் காலம் எலும்பில் ஒரு மெல்லிய கோடாக விழும். தகட்டைக் குறுக்கே அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கோடுகளை எண்ணிவிடலாம். ஒரு கோட்டுக்கு ஓர் ஆண்டு. கோடுகளுக்கு இடையிலான தூரம் அந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சொல்லும். ஆக, அந்தத் தகட்டுக்குள் இருப்பது ஒரு முதலையின் வாழ்நாள் கணக்கு. சாந்துக்கு அங்கே வேலையே இல்லை.

எண்ணியதில் கிடைத்தது இது: டெய்னோசூக்கஸ் முழு வளர்ச்சியை எட்ட 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மிக வயதானவை 50ஐயும் தாண்டியிருக்கலாம். அதைவிட முக்கியம், அது வேகமாக வளரவில்லை. இளம் வயதில் இன்றைய முதலைகள் என்ன வேகத்தில் வளர்கின்றனவோ ஏறக்குறைய அதே வேகம்தான். இன்றைய முதலைகளுக்குச் சில ஆண்டுகளில் அந்த வேகம் தணிந்துவிடும். டெய்னோசூக்கஸுக்குத் தணியவில்லை. குட்டிக்கால வேகத்தையே பத்தாண்டு பத்தாண்டாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முதலைக்கு நெருங்கிய உறவான அலிகேட்டர், இளம் வயதில் நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 30 செ.மீ. வளரும். 30 செ.மீ. வீதம் 35 ஆண்டு போட்டுப் பாருங்கள், பத்தரை மீட்டர். இது கடைக்கணக்குதான், ஆய்வாளர்கள் இப்படிப் பெருக்கி முடிவுக்கு வரவில்லை. ஆனால் மாயமந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, வளர்வதை நிறுத்தாமல் இருந்தாலே போதும் என்பது இந்தப் பெருக்கலில் நன்றாகத் தெரிகிறது.

பெரிதாவதற்கு உலகத்தில் இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. டைனோசர்கள் போனது வேகமான வழி. அதே எரிக்சன் 2004இல் ரெக்ஸின் எலும்புகளிலும் இப்படிக் கோடுகளை எண்ணினார். பதின்ம வயதில் அது நாளொன்றுக்கு இரண்டு கிலோ அளவுக்கு எடை கூடியிருக்கிறது. 20 வயதுக்குள் ஏறக்குறைய முழு ஆளாகிவிட்டது. சிகாகோவில் இருக்கும் சூ என்ற பேர்பெற்ற எலும்புக்கூட்டுக்கு அவர் கணக்கில் சாகும்போது வயது 28தான். முதலை போனது அடுத்த வழி. அவசரமில்லை, ஆனால் நிறுத்தமும் இல்லை. முழுதாக வளர்ந்த ஒரு டெய்னோசூக்கஸ் தன் வாழ்நாளில் டைனோசர்களில் சில தலைமுறைகள் வந்துபோனதைப் பார்த்திருக்கும் என்று எரிக்சன் சொன்னதாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். தண்ணீருக்கு வரும் மந்தையில் நேற்றுக் குட்டியாக இருந்தது இன்று தாயாகி, நாளை அதன் குட்டி வருகிறது. கரையோரத்தில் கிடப்பது மட்டும் அதே முதலை. அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

என் கணக்கு தலைகீழானது இங்கேதான். மேலே போட்ட கடைக்கணக்கின்படி 20 வயதில் டெய்னோசூக்கஸ் ஆறு மீட்டர் இருந்திருக்கும். அதாவது லோலோங் அளவு. நாம் அளந்ததிலேயே பெரிய முதலையின் அளவு அதற்கு இளவட்டப் பருவம். இன்னும் பாதி வளர்த்தி பாக்கி. 'அவ்வளவுதானா' என்றவர்களுக்கு நான் இதுவரை மீட்டரிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டில் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் அந்த விலங்கு மூன்று நான்கு ஆண்டுகளை விலையாகக் கொடுத்திருக்கிறது. அத்தனை ஆண்டும் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது, இரை கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, நீர்நிலை வற்றாமல் இருக்க வேண்டியிருந்தது. சார்கோசூக்கஸின் தகடுகளிலும் இதே கதைதான். முழு அளவில் ஏறக்குறைய எண்பது சதவீதமே வளர்ந்திருந்த ஒன்றின் தகட்டில் சுமார் 40 கோடுகளை எண்ணியிருக்கிறார்கள். முழு வளர்ச்சிக்கு 50, 60 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று செரினோ குழு சொன்னது. பத்து மீட்டர் கூரைக்கான காரணத்தின் ஒரு பங்காவது இந்த ஆண்டுக் கணக்கில் இருக்கும் என்பது என் ஊகம். வாங்கிக்கொண்டே போகலாம், ஆனால் ஆயுள் முடிந்துவிடுகிறதே.

'ஒரே முதலை எப்படி ரெண்டு நீளத்துல இருக்கும்' என்ற கேள்விக்கும் இங்கே வேறொரு பதில் கிடைத்துவிடுகிறது. ஒரே முதலை எல்லா நீளத்திலும் இருந்திருக்கிறது. இன்றைய முதலைகள் முட்டையிலிருந்து வெளிவரும்போது முழங்கை நீளம்கூட இருப்பதில்லை. டெய்னோசூக்கஸ் குஞ்சும் அதைவிட வெகு பெரிதாக இருந்திருக்க வழியில்லை. முதலில் பூச்சி, மீன், பிறகு ஆமை, நன்றாகப் பெரிதான பின் டைனோசர். ஒரே விலங்கு தன் ஆயுளுக்குள் பல விலங்குகளின் தொழிலைப் பார்த்திருக்கிறது. 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு நாளில் அந்த நீர்நிலைகளில் இருந்த டெய்னோசூக்கஸ்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை பத்து மீட்டருக்குப் பக்கத்திலேயே வந்திருக்காது. படத்தில் வருவது எப்போதும் அந்தக் கடைசி ஒன்றுதான்.

பல்தடமும் உப்பும்

சாந்தை நம்பாமல் எலும்பை மட்டும் நம்பினாலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. டெய்னோசூக்கஸின் வாயில் பின்பக்கப் பற்கள் குட்டையாக, மழுங்கி, தடியாக இருக்கும். நொறுக்குவதற்கான பற்கள். அந்தப் பற்களுக்குப் பொருந்தும் தடங்கள் ஆமை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. டைனோசர் எலும்புகளிலும் கிடைத்திருக்கின்றன. வாத்து அலகு டைனோசரின் முதுகெலும்பில் பதிந்த பல்தடத்தை வைத்துப் பார்த்தால், அந்த இணையப் படம் முழுப் பொய்யும் இல்லை. ஆளைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். டேவிட் ஷ்விம்மர் என்ற ஆய்வாளர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த முதலைக்குக் கொடுத்தவர். பல்தடங்களை மட்டுமல்ல, ஜார்ஜியா மாநிலத்தில் கிடைத்த கல்லாகிப்போன சாணத்தையும் விடாமல் ஆராய்ந்தவர். வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து டெய்னோசூக்கஸ்கள் எண்ணிக்கையில் அதிகம், அளவில் சிறியவை, எட்டு மீட்டர் போல. மேற்குப் பக்கத்தவை அரிது, ஆனால் பெரியவை என்று சொன்னவரும் அவரே. நான் மேலே சொன்ன அந்த '12ஐத் தொட்டிருக்கலாம்' அவருடைய எண்.

கிழக்கு, மேற்கு என்றால் நடுவில் ஒரு கடல். அந்தக் காலத்தில் வட அமெரிக்காவை வடக்கிலிருந்து தெற்குவரை ஓர் உட்கடல் இரண்டாகப் பிளந்திருந்தது. டெய்னோசூக்கஸ் இரண்டு கரையிலும் கிடைக்கிறது. வெகுகாலமாக அதை அலிகேட்டர் வகையறாவில்தான் சேர்த்துவைத்திருந்தார்கள். அங்கேதான் இடிக்கும்: அலிகேட்டருக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இன்றைய முதலைகளுக்கு நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. அலிகேட்டர்களுக்கு அந்த வசதி இல்லை. பின்னே அவ்வளவு பெரிய கடலை எப்படிக் கடந்தது? 2025இல் வால்டர், மாசோன், ராபி முதலானோர் அடங்கிய குழு முதலைக் குடும்ப மரத்தையே மறுபடி கட்டிப் பார்த்தது. டெய்னோசூக்கஸ் அலிகேட்டர் கிளையில் இல்லை, முதலைகளும் அலிகேட்டர்களும் பிரிவதற்கு முந்தைய கிளையில் நிற்கிறது என்பது அவர்கள் முடிவு. உப்பைத் தாங்கும் திறன் முன்னோர்களுக்கு இருந்தது, அலிகேட்டர்கள்தான் பிறகு இழந்தன என்றால், டெய்னோசூக்கஸ் கடலைக் கடந்ததில் அதிசயமில்லை. இத்தனை வருடமாக 'ராட்சத அலிகேட்டர்' என்று எழுதிவந்தவர்கள் (நானும் எழுதியிருக்கிறேன், அன்று அதுதான் பாடம்) இனி வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். நீளம் மாறியதைப் போல உறவும் மாறுகிறது. ஆனால் உறவு மாறியதற்கு ஒருவரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை, பார்த்தீர்களா.

2020இல் ஆடம் கொசெட்டும் புரோஷுவும் அதுவரை கிடைத்த எலும்புகளையெல்லாம் புதிதாகப் பார்த்து ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். கிழக்குப் பக்கத்து இனத்துக்கு ஷ்விம்மரின் பெயரைச் சூட்டினார்கள், சரியான மரியாதை. ஹாட்சர் தோண்டிய பழைய எலும்புகள் இனத்தைப் பிரித்தறியப் போதாதவை என்பதையும் சொன்னார்கள். அந்த ஆய்வில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதை எந்தப் படத்திலும் யாரும் கொட்டை எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. டெய்னோசூக்கஸின் மேல்தாடை நுனியில், மூக்குத் துவாரத்துக்கும் முன்னால், இரண்டு பெரிய துளைகள் இருக்கின்றன. எலும்பிலேயே இருப்பவை. வேறெந்த முதலையிலும் இப்படி இல்லை. எதற்காக என்று அந்த ஆய்வை எழுதியவர்களுக்கும் விளங்கவில்லை.